வட்டத்தின் பூர்வீகம்

பிளாஸ்மிட் என்றதும் நம் வகுப்புக் கரும்பலகையில் ஒரு வட்டம் எழும். வெட்டுமிடம் இங்கே, ஆம்பிசிலின் எதிர்ப்பு அங்கே என்று குறிகள் விழும். தேர்வுக்கு அது போதும். ஆய்வுக்கூடத்துக்குப் போதாது என்பதே என் கட்சி.

கலைப்பிரிவு நண்பர்களுக்காகச் சிறிது விளக்கம். பாக்டீரியத்தின் முதன்மை டி.என்.ஏ.வோடு சேராமல், தனியே தன்னைப் பெருக்கிக்கொள்ளும் சிறு டி.என்.ஏ. வளையமே பிளாஸ்மிட். அதை நொதியால் வெட்டி, வேண்டிய மரபணுவை இடையில் பொருத்தி, மீண்டும் பாக்டீரியத்துள் புகுத்தினால், பாக்டீரியம் பெருகப் பெருக அம்மரபணுவும் பெருகும். 1973இல் கோஹனும் பாயரும் இதைச் செய்து காட்டினர். 1978இல் மனித இன்சுலினே இவ்வழியில் உண்டாயிற்று. ஆனால் கோடானுகோடி பாக்டீரியங்களுள் வளையம் எதனுள் புகுந்தது என்று அறிவது எங்ஙனம்? ஆம்பிசிலின் கலந்த தட்டில் பரப்பினால் வளையம் பெற்றது பிழைக்கும், பெறாதது மாளும். எதிர்ப்பு மரபணுவே நமக்குச் சல்லடை.

அந்தச் சல்லடை வந்த வழியை யாரும் சொல்வதில்லை. அது நோயாளிகளிடமிருந்து வந்தது! 1950களில் ஜப்பானில் சீதபேதிக் கிருமிகள் ஒரே சமயத்தில் பல மருந்துகளுக்கும் மசியாது நின்றன. அவ்வாற்றல் ஒரு பாக்டீரியத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதை அந்நாட்டு அறிஞர்கள் கண்டனர். தாவியவை பிளாஸ்மிட்டுகளே. நாம் வழக்கமாகக் கையாளும் பிளாஸ்மிட்டுகளில் ஆம்பிசிலினைச் சிதைக்கும் நொதிக்கு 'டெம்' என்று பெயர். 1960களில் ஏதென்சு நகரத்து நோயாளி ஒருவரின் கிருமியில் கண்ட நொதி அது. அவர் பெயரின் முதல் மூன்று எழுத்துகளே அதன் பெயராயின.

இதை அறிந்தவனுக்கு, செய்முறை முடிந்ததும் வளர்ப்புக் குழம்பைக் கைகழுவும் தொட்டியில் கொட்டிவிட்டுத் தேநீருக்கு ஓட மனம் வருமா? நான் முன்பு பயின்ற ஓரிடத்தில் அதுவே நடைமுறை. ஆட்டோகிளேவ் பழுது என்ற பதில் மட்டும் என்றும் பழுதின்றி இருந்தது.

"ஆய்வுக்கூடத்து ஈ. கோலை நோஞ்சான், பிளாஸ்மிட்டும் தானாகத் தாவாதபடி திருத்தப்பட்டது" என்பர். மெய்தான். மருத்துவமனைக் கழிவும், சீட்டின்றி மருந்து வாங்கும் நம் வழக்கமும் செய்யும் கேட்டை மாணவர் தட்டுகள் செய்துவிடா. ஆனால் நோஞ்சானிடம் பழகிய கை, நாளை மெய்யான நோய்க்கிருமியைக் கையாளும் கூடத்திலும் அதே தொட்டியைத்தானே தேடும்?

தில்லியில் வாழும் நமக்கு இது எட்டாத செய்தியன்று. இந்நகரின் பெயரைச் சூட்டிய என்.டி.எம்.-1 என்னும் எதிர்ப்பு மரபணுவும் பிளாஸ்மிட்டில் ஏறிப் பயணம் செய்வதே. 2010இல் பெயரைக் குறித்துப் பெருஞ்சினம் எழுந்தது. 2011இல் வெளியான ஆய்வோ, இங்கே தேங்கிய கழிவுநீர் மாதிரிகள் 171இல் 51இலும், குழாய்நீர் மாதிரிகள் 50இல் 2இலும் அம்மரபணு இருந்ததாகக் கூறியது. அதற்கு அவ்வளவு சினம் எழுந்ததாகத் தெரியவில்லை.

வரும் பருவத்தில் முதலாண்டினருக்குச் செய்முறை காட்டும் முறை என்னுடையது. வட்டம் வரைவது இரண்டாம் நாள்தான். முதல் நாள் முழுதும் ஆட்டோகிளேவின் முன்னால்: 121 பாகை, 15 பவுண்டு அழுத்தம்.