பள்ளிக் காற்றை அளக்கப் பிள்ளைகளுக்குக் கருவி கொடு!

2024 அக்டோபர் 25ந் தேதி திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நெடி பரவி, பிள்ளைகள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நவம்பர் 4ந் தேதி பள்ளி திறந்தது. அன்றே மறுபடியும் அதே கதி. அதிகாரிகள் கருவியோடு வந்ததோ பிள்ளைகள் விழுந்த பிறகு!

மாணவர்களே பள்ளிக் காற்றைச் சோதித்து, சீர்படுத்த வழி தேடும் சிறு திட்டங்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்ற யோசனையை நாம் ஆதரிக்கிறோம். நுண்தூசியை அளக்கும் சிறு கருவி சில ஆயிரம் ரூபாய்தான். (வாயுவுக்கு வேறு கருவி வேண்டும், அதையும் கேட்போம்.) லாரிகள் நிற்கும் காலையில் எவ்வளவு, மத்தியானம் எவ்வளவு என்று பள்ளி வாசல் பலகையில் தினமும் எழுதட்டும். கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம், இது ஒரு நாள் சராசரிக்கு சர்க்கார் வைத்த வரம்பு. உலக சுகாதார ஸ்தாபனம் 2021ல் சொன்னதோ 15. அரிசி ஆலைச் சாம்பல் விழும் கிராமப் பள்ளிக்கும் இந்தப் பலகை தேவை.

பணம் யாருடையது? கம்பெனி தர்மம் வேண்டாம். மரக்கன்றுக் கூண்டில் பெயரெழுதிப் படம் பிடித்துக்கொள்வார்கள். பிள்ளை புகைபோக்கியைக் காட்டிக் கேள்வி கேட்டால் பணம் நின்றுவிடும். சர்க்கார் நிதி வேண்டும். செலவை மாணவர், ஆசிரியர், பெற்றோர் கமிட்டி பார்க்கட்டும்.

"ஆலையை மூட வழி தேடுகிறார்கள்" என்று முதலாளி மிரட்டுவான். பஞ்சுத் தூசியை நெஞ்சில் சுமக்கும் தோழனே, நம்பாதே! அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவா.