மாமாவுக்கு ஒரு கூடாரம்!

பி.காம். படித்தவனிடம் சொந்தக்காரர்கள் எதற்கெல்லாம் யோசனை கேட்பார்கள் என்று ஒரு லிஸ்ட் போட்டால், அதில் எல்.ஐ.சி. பாலிசி வரும். ஏலச்சீட்டு வரும். நகைக்கடன் வட்டி வரும். கூடாரம் வருமோ? எனக்கு வந்தது, ஸார்!

கேட்டவர் என் அக்கா வீட்டுக்காரர். சின்னமனூர்ப் பக்கம் திராட்சையும் வாழையும் ஏற்றுகிற பிக்கப் வண்டி வைத்திருக்கிறார். சாயங்காலம் லோடு ஏற்றி, குமுளி மலை ஏறி, விடியுமுன் கோட்டயத்தில் இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். வழியில் கண்ணைச் சுழற்றினால் எங்கேயாவது ஓரங்கட்டி, ஸ்டீயரிங்கைக் கட்டிக்கொண்டு ஒரு தூக்கம். அதைத் தூக்கம் என்று சொன்னால் தூக்கம் கோபித்துக்கொள்ளும்.

"மாப்ளே, அமெரிக்காக்காரன் பிக்கப் மேலயே டென்ட்டடிச்சுத் தூங்குறான். வீடியோவுல பார்த்தேன். நம்ம வண்டிக்கும் ஒண்ணு பாரு. லீவுக்கு உங்க அக்காளையும் புள்ளைகளையும் அதுலயே ஏத்திக்கிட்டுப் போனா லாட்ஜு வாடகையும் மிச்சம்!"

சிரிக்கிற விஷயம் போலத்தான் இருக்கிறது. ஆனால் அரைத் தூக்கத்தில் குமுளி மலை இறங்குகிறவரின் மனைவிக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. நல்ல காரியம். ஆனால் அது மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்குத்தான். பிக்கப்பும் குட்டி யானையும் அந்தக் கணக்கில் வராது. பெரிய லாரிக்காரருக்காவது சீட்டுக்குப் பின்னால் கட்டையை நீட்ட ஒரு பலகை இருக்கும். பிக்கப்பில் அதுவும் கிடையாது. தூக்கம் என்ன, டன் கணக்குப் பார்த்தா வருகிறது?

சரி என்று விசாரணையில் இறங்கினேன்.

முதலில் குடை மாதிரி விரிகிற சாதாரண டென்ட். கம்பெனி இல்லாத சரக்கு இரண்டாயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கிறது. எடை மூன்று கிலோவுக்குள். இந்த மூன்று கிலோதான் பிரச்னை. ஆடி மாதம் கம்பம் பள்ளத்தாக்கில் காற்று எப்படி அடிக்கும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலை இடைவெளியில் புகுந்து வருகிற அந்தத் தென்மேற்குக் காற்றை நம்பித்தான் தேனிப் பக்கம் காற்றாலைகளை வரிசையாக நட்டு வைத்திருக்கிறார்கள். அம்மியே பறக்கும் என்று பழமொழி சொல்கிற காற்றில் மூன்று கிலோ எந்த மூலைக்கு? தரையிலென்றால் முளை அடித்து நிறுத்தலாம். பிக்கப்பின் இரும்புத் தளத்தில் முளை அடித்தால் மாமா என்னை அடிப்பார்.

இரண்டாவது, வண்டியின் கூரை மேல் பெட்டி மாதிரி உட்கார்ந்திருந்து, ஏணியோடு விரிகிற ரகம். அமர்க்களமாக இருக்கிறது. அறுபதாயிரத்தில் ஆரம்பித்து லட்சத்தைத் தாண்டிப் போகிறது. எடையோ ஐம்பது, அறுபது கிலோ. பத்து வருஷத்துக்குத் தேய்மானம் போட்டுப் பார்த்தேன். ஒரு ராத்திரிக்கு என்ன விழுகிறது என்று மாமாவிடம் சொன்னதும், "அந்தக் காசுக்கு லாட்ஜிலயே படுத்துக்கிறேன்" என்றுவிட்டார். கணக்கு அவருக்கும் தெரியும், பாருங்கள்.

மூன்றாவதுதான் அந்த வீடியோ சமாச்சாரம். பின்பக்கப் பாடிக்குள்ளேயே உட்கார்கிற டென்ட். அது அமெரிக்கப் பிக்கப்புக்கு என்று தைத்தது. அங்கே பக்கச் சுவர் அசையாது, பின்கதவு மட்டும் திறக்கும். நம் வண்டியில் மூன்று பக்கமும் கொண்டி போட்ட கதவு. அளவும் வேறு. வரவழைத்தால் அளவு பார்க்காமல் எடுத்த தீபாவளிச் சட்டை கதைதான்.

ஆக மூன்றும் போச்சு. அப்போதுதான் அக்காவின் மாமியார் வாயைத் திறந்தார். "ஏம்ப்பா, எங்க காலத்துல வீரபாண்டித் திருழாவுக்கு வண்டி கட்டித்தானே வருவோம்? கூண்டு வண்டியில வைக்கோலப் பரப்பி, மேல ஜமுக்காளத்த விரிச்சா, எட்டு நாளும் அதுலதான் படுக்கை. டென்ட்டாம் டென்ட்டு!"

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. வளைந்த மூங்கில், மேலே பாய், கீழே வைக்கோல். வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் வாசலில், முல்லையாற்றங்கரையில், சித்திரைக்குச் சித்திரை நின்ற அத்தனை வண்டிகளும் வேறென்னவாம்?

அந்தப் பாட்டியின் வண்டியை அப்படியே பிக்கப்பில் ஏற்றினோம். பாடி எட்டடிக்குக் குறையாமல் நீளம், ஐந்தரை அடி அகலம். இரண்டு பேர் தாராளமாகக் காலை நீட்டலாம். கழற்றி மாட்டுகிற மாதிரி நாலு இரும்பு வில், மேலே தார்ப்பாய். கயிறு கட்டும் கொக்கிதான் வண்டியிலேயே வரிசையாக இருக்கிறதே! வில்லை நிரந்தரமாக வெல்டு வைக்கலாம் என்றார் பட்டறைக்காரர். வேண்டாம். வண்டியின் அமைப்பை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் படி ஏற வேண்டும். லோடு ஏற்றும்போதும் இடிக்கும்.

இனி படுக்கை. கடையில் எல்லோரும் மேலே போர்த்துவதைப் பற்றியே பேசுகிறார்கள். குளிர் கீழேயிருந்து வருவதைப் பற்றி யாரும் பேசக் காணோம். இரும்புத் தகடு உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே இரண்டு கம்பளி போட்டாலும் முதுகு சில்லிடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்குக் கொஞ்சம் கூடக் குறையும் என்பது பொதுக் கணக்கு. போடியில் சட்டையில்லாமல் தூங்குகிறவர் போடிமெட்டில் ஸ்வெட்டர் தேடுவது அதனால்தான்.

குளிரைத் தடுப்பது துணியல்ல, அதற்குள் அடைபட்டிருக்கும் காற்று. வைக்கோல் தாளே உள்ளீடற்ற குழாய். தட்டி உலுக்கினால் மறுபடி உப்பும். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோகம் என்று கணக்கு வைத்திருக்கிற பள்ளத்தாக்கில் வைக்கோலுக்கா பஞ்சம்? இரண்டு கோணிச் சாக்கைப் பிரித்துச் சேர்த்துத் தைத்து, உள்ளே வைக்கோல் திணித்து, மேலே ஒரு ஜமுக்காளம். ஈரமானால் கொட்டிவிட்டுப் புதுசாக அடைத்துக்கொள்ளலாம். மாமாவுக்கு அரிக்குமே என்று எனக்குக் கவலை. "தோட்டத்துல படுக்காத உடம்பா இது?" என்றார்.

தார்ப்பாயை நாலு பக்கமும் இறுக்கி மூடக் கூடாது. ராத்திரி முழுக்க ஒரு ஆள் மூச்சிலும் வியர்வையிலும் ஏறத்தாழ ஒரு டம்ளர் தண்ணீரை வெளியே விடுகிறார். அது குளிர்ந்த தார்ப்பாயில் பட்டு, விடிகாலையில் நெற்றியில் சொட்டும். ஓட்டை என்று பட்டறைக்காரரைத் திட்டுவோம்! முன்னும் பின்னும் மேலே ஒரு ஜாண் திறப்பு, அதில் கொசுவலை. போதும்.

ஒன்றை மட்டும் சிரிக்காமல் சொல்லி விடுகிறேன். குளிர்கிறதே என்று உள்ளே கரி அடுப்போ கங்கோ வைக்கக் கூடாது. என்ஜினை ஓடவிட்டும் படுக்கக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. இருமல்கூட வராது. தூங்கினவர் தூங்கினவர்தான்.

அக்காவும் பிள்ளைகளும் என்ன ஆனார்கள் என்று கேட்கிறீர்களா? சரக்கு வண்டியின் பின்னால் ஆளேற்றி ஓட்டுவது சட்டப்படி தப்பு. விபத்து என்றால் நஷ்ட ஈட்டுக்கு அலைய வேண்டும். ஆகவே நின்ற வண்டியில் மட்டும்தான் பின்னால் படுக்கை. "அப்ப நாங்க பஸ்ல வந்து, வண்டியில தூங்கிட்டு, மறுபடி பஸ்ல போகணுமாக்கும்!" என்றாள் அக்கா. லீவுத் திட்டம் அத்தோடு சரி.

எங்கே நிறுத்துவது? மாமாவுக்கு மேகமலை, குரங்கணி என்று ஒரு ஆசை. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். 2018 மார்ச் 11-ல் குரங்கணித் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் போனது அந்தப் பக்கத்தில் யாருக்கும் மறந்திருக்காது. ஆற்று மணலும் வேண்டாம், மேலே மழை பெய்தால் தண்ணீர் சொல்லிவிட்டு வராது. ரோட்டோரம் அதைவிட மோசம், பின்னால் வருகிறவரும் தூக்கக் கலக்கத்தில்தானே வருகிறார்! பெட்ரோல் பங்க்கில் சொல்லிவிட்டு, வெளிச்சத்தில் நிறுத்துவதே உத்தமம். சபரிமலை சீசன் என்றால் பக்கத்திலேயே சாமிமார் நாலு வண்டி நிற்கும். சரண கோஷம் இலவசம். முன்சக்கரத்துக்குக் கட்டை, சரிவென்றால் மேட்டுப் பக்கம் தலை, காற்று வருகிற திசையில் என்ஜின்.

இன்னொரு விருந்தாளியும் உண்டு. 2023 மே மாதம் கேரளத்துச் சின்னக்கானல் அரிக்கொம்பன் கம்பம் டவுனுக்குள்ளேயே நடந்து வந்ததே, ஞாபகமிருக்கிறதா? 144 தடை உத்தரவு, ஓட்டம், களேபரம். ஜூன் 5-ல் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். அரிசிக்கு அலைந்ததால் வந்த பெயர் அது. அரிசிக்கு ஒரு யானை என்றால் வாழைப்பழத்துக்கு எத்தனை? பழம் இறக்கின பாடியில் அந்த வாசனையோடு படுப்பது, இலையைப் போட்டுக்கொண்டு நாமே அதில் உட்காருகிற மாதிரி.

"அப்ப கழுவிட்டுத்தான் படுக்கணுங்கிறியா? இரும்பு காயவே ஒரு மணி நேரமாகுமே மாப்ளே!"

"கோட்டயத்துல இறக்கினதுமே ரெண்டு வாளி தண்ணி ஊத்திக் கழுவிருங்க மாமா. கதவைத் திறந்து போட்டுட்டு ஒரு டீயைக் குடிங்க. ஓட்டிட்டு வர்ற காத்துல மிச்சமும் காஞ்சிரும்."

"வைக்கோல் மெத்தை?"

"அது சீட்டுல, உங்க பக்கத்துல. பெல்ட் போட்டு விடுங்க!"