குஞ்சு வளர்க்கும் புறாவுக்குக் கம்பு மட்டும் போதுமா?

‘‘மொட்டை மாடியில் 10 ஜோடி புறா வளர்க்கிறேன். தீவனம் கம்பும் அரிசியும்தான். முட்டை பொரிகிறது, குஞ்சுகள் தேறுவதில்லை. ஏன்?’’
- வாசகர், மயிலாப்பூர்.

அரிசியில் புரதம் 7, கம்பில் 11 சதவிகிதம்தான். மற்றதெல்லாம் பெரும்பாலும் மாவுச்சத்து. குஞ்சு வளர்க்கும் ஜோடிக்கு 15 சதவிகிதமாவது புரதம் வேண்டும். முதல் வாரத்தில் ஆண், பெண் இரண்டுமே தீனிப்பையில் சுரக்கும் ‘புறாப்பாலை’த்தான் ஊட்டுகின்றன. அது முழுக்கப் புரதமும் கொழுப்பும்தான்.

கம்பு, சோளம், மக்காச்சோளம் கலந்து 6 கிலோ. பச்சைப்பயறு, காராமணி, பட்டாணி கலந்து 4 கிலோ. இந்தக் கலவையில் புரதம் சுமார் 15 சதவிகிதம் வந்துவிடும். முட்டை 17, 18 நாளில் பொரியும் என்பதால், அடை உட்கார்ந்த 10-ம் நாளிலேயே மாற்றத் தொடங்குங்கள்.

அதற்காகப் பயறை மட்டும் போடாதீர்கள். மாவுச்சத்து குறைந்தால் புறா புரதத்தையே எரித்து உடல் சூட்டைக் காக்கும். பயறுக்குக் கொடுத்த காசு வீண். தட்டை நிரப்பியும் வைக்காதீர்கள். பிடித்ததைப் பொறுக்கிவிட்டு மிச்சத்தைச் சிதறடிக்கும். வைத்தது தீர்ந்த பிறகே அடுத்தது. கிளிஞ்சல் தூளும் நல்ல தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும்.

குஞ்சின் வாய்க்குள் மஞ்சள் படிவு தெரிந்தால் அது தீவனக் குறை அல்ல, நோய். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள்.