ரேடியோ கோபுரத்தின் காலடியில் ஸ்கேனர் வாங்கலாமா?

போலீஸாரும் தீயணைப்புப் படையினரும் வயர்லெஸ்ஸில் பேசுவதை வீட்டில் இருந்தபடியே கேட்பது அமெரிக்காவில் பழைய வழக்கம். அதற்கென்றே ஒரு ரேடியோ விற்கிறது. அதன் பெயர் ஸ்கேனர். (ஆஸ்பத்திரியில் வயிற்றைப் படம் பிடிக்கிறார்களே, அந்த ஸ்கேனர் வேறு!) இந்த ரேடியோ ஒவ்வோர் அலைவரிசையாகத் தானே தாவிக்கொண்டு போகும். எங்கே பேச்சு கேட்கிறதோ, அங்கே நிற்கும்.

பத்திரிகைப் படக்காரர்கள் இதைக் கேட்டுத்தான் தீப்பிடித்த இடத்துக்கு ஓடுகிறார்கள். கணவன் தீயணைப்பு வண்டியில் போயிருந்தால், மனைவி இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

நியூயார்க் நகரில் இதற்கு இரண்டு தடைகள் உண்டு.

முதல் தடை, போலீஸ் போட்ட பூட்டு. 2023-ல் நியூயார்க் போலீஸ் தன் வயர்லெஸ் பேச்சைச் சங்கேதமாக மாற்றத் தொடங்கியது. சங்கேதத்தின் சாவி இல்லாத ரேடியோவில் அந்தப் பேச்சு விளங்காது. 100 டாலர் ஸ்கேனருக்கும் அதே கதிதான், 700 டாலர் ஸ்கேனருக்கும் அதே கதிதான். ஆகவே, தன் ஊர்ப் போலீஸ் பூட்டுப் போட்டுவிட்டதா என்று விசாரிக்காமல் ஸ்கேனர் வாங்குவது வீண் செலவு.

தீயணைப்புப் படையின் பேச்சு, விமானிகளின் பேச்சு ஆகியவற்றைக் கேட்கலாமே என்றால், அங்கே நிற்கிறது இரண்டாவது தடை.

நகரின் நடுவே 'எம்பயர் ஸ்டேட்' கட்டிடம் இருக்கிறது. 102 மாடி. உச்சிக் கம்பத்தோடு சேர்த்து 1,454 அடி உயரம். அந்த உச்சியிலிருந்து பல எப்.எம். நிலையங்கள் ஒலிபரப்புகின்றன. அவற்றில் பல, தலைக்கு ஏறக்குறைய 6,000 வாட் சக்தி கொண்டவை. தீயணைப்பு வீரர் கையில் வைத்திருக்கும் வயர்லெஸ்ஸின் சக்தியோ சுமார் 5 வாட்!

தேர்த் திருவிழாவில் ஒலிபெருக்கிக்கு அடியில் நிற்கிறீர்கள். பக்கத்தில் இருப்பவர் காதோடு ரகசியம் சொல்கிறார். என்ன கேட்கும்? ஸ்கேனரின் கதியும் அதுதான்.

வேடிக்கை என்னவென்றால், ஒலிபெருக்கியின் சத்தத்தை ஸ்கேனர் உள்ளபடி சொல்வதில்லை, பொய் சொல்கிறது. இரண்டு பலமான அலைகள் ஒரே சமயத்தில் உள்ளே புகுந்தால், அவை அங்கே கலந்து, வானத்தில் இல்லாத மூன்றாவது அலையை உண்டாக்கிவிடும். 106.7 மெகாஹெர்ட்ஸில் ஒரு நிலையம், 92.3-ல் ஒரு நிலையம். 106.7-ஐ இரட்டித்து 92.3-ஐக் கழியுங்கள். 121.1 வருகிறது. அது விமானிகள் பேசும் பகுதி! விமானியின் குரலைத் தேடும் ஸ்கேனர், பாட்டும் இரைச்சலும் கலந்த கூழைக் கேட்டு அங்கே நின்றுவிடுகிறது.

விளம்பரங்கள் என்ன சொல்கின்றன? 'மெல்லிய அலையையும் பிடிக்கும்' என்கின்றன. கிராமத்தில் இருப்பவருக்கு அது நல்ல குணம். கோபுரத்துக்கு அடியில் இருப்பவருக்கு அதுவே வினை. அவருக்கு வேண்டியது கூர்மையான காது அல்ல. வேண்டாத சத்தத்தை வாசலிலேயே நிறுத்தும் காது.

கம்ப்யூட்டரில் செருகும் சிறு கருவி ஒன்று சுமார் 30 டாலருக்குக் கிடைக்கிறது. அதில் பல, அலையின் பலத்தை 256 படிகளில்தான் அளக்கும். பலமான நிலையம் எல்லாப் படிகளையும் விழுங்கிவிட்டால் மெல்லிய குரலுக்கு இடம் ஏது? கோபுரத்தின் அருகே இது முதலில் திணறும். மலிவான கைரேடியோக்களில் பலவும் அப்படித்தான். யூனிடன் கம்பெனி 2018-ல் கொண்டுவந்த எஸ்.டி.எஸ். 100 விலை கூடியது. பல கோபுரங்கள் ஒரே பேச்சை ஒரே நேரத்தில் அனுப்பும்போது உண்டாகும் குழப்பத்தை அது நன்றாகச் சமாளிக்கும். ஆனால் பக்கத்துக் கோபுரத்தின் அமுக்கல் வேறு நோய். அதற்கு அந்த மருந்து போதாது. விலையை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

புது ரேடியோ வாங்குமுன் ஒரு சோதனை செய்யலாம். அலையின் பலத்தைக் குறைக்கும் சிறு துண்டு ஒன்று உண்டு. அதை ஏரியலுக்கும் ரேடியோவுக்கும் நடுவே மாட்ட வேண்டும். 10 டெசிபல் குறைத்தால் நாம் தேடும் குரலின் சக்தி பத்தில் ஒரு பங்காகும். மேலே சொன்ன பொய் அலையோ ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும்! ஆகவே அதை மாட்டியதும் இரைச்சல் ஓடிப்போய்க் குரல் தெளிந்தால், குற்றவாளி கோபுரம்தான். நீளமான ஏரியலை எடுத்துவிட்டுக் குட்டை ஏரியல் போட்டாலும் ஓரளவு இதே பலன்.

88 முதல் 108 வரை உள்ள எப்.எம். பகுதியை மட்டும் தடுக்கும் வடிகட்டியும் விற்கிறது. எம்பயர் ஸ்டேட் பக்கத்தில் குடியிருப்பவர் புது ஸ்கேனருக்கு முன்னால் இதைத்தான் வாங்க வேண்டும் என்பேன். ஆனால் தொல்லை தருவது எப்.எம். நிலையம் அல்ல, வேறு நிலையம் என்றால் இந்த வடிகட்டி உதவாது. அந்த அலைக்கு உரிய வடிகட்டி வேண்டும்.

சட்டத்தையும் கவனிக்க வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் வீட்டில் கேட்கலாம். போலீஸ் அலைவரிசை பிடிக்கும் ரேடியோவை அனுமதியின்றிக் காரில் வைத்துக்கொண்டு போனால் குற்றம். இங்கிலாந்தில் போலீஸ் பேச்சை ஒட்டுக்கேட்பதே குற்றம். அமெரிக்காவிலிருந்து உறவினர் பரிசாக வாங்கி வருகிறேன் என்றால், நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது.