தோத்தாலும் ஏழு மேட்ச்!

ஏரியா டென்னிஸ் கிளப்ல போட்டி நடத்தப் போறீங்களா பாஸ்? அவசரப்பட்டு நாக்-அவுட் வெச்சுடாதீங்க. எட்டு பேர்ல நாலு பேர் முதல் ரவுண்டுலயே ராக்கெட்டை உறையில போட்டுட்டுக் கிளம்பிடுவாங்க. லீக்னா மொத்தம் 28 மேட்ச். நேத்து ஆடக் கத்துக்கிட்டவருக்கும் 7 ஆட்டம் உறுதி!

அட்டவணை போடறது ரொம்ப சிம்பிள். மேல் வரிசையில 1, 2, 3, 4. அதுக்கு நேர் கீழே 8, 7, 6, 5. எதிரெதிரே இருக்கறவங்க மோதட்டும். அடுத்த வாரம் 1-ஐ மட்டும் அசைக்காம, மத்த எல்லாரையும் கடிகாரச் சுத்துல ஒரு இடம் தள்ளுங்க. ஏழே வாரத்துல எல்லாரும் எல்லாரோடயும் ஆடி முடிச்சிருப்பாங்க.

ஆட்டம் இழுத்துட்டே போனா? 2010 விம்பிள்டன்ல இஸ்னர் - மஹு மேட்ச் மூணு நாள்ல 11 மணி 5 நிமிஷம் நடந்துச்சு. ஒத்தை கோர்ட் கிளப் தாங்குமா? ஆளுக்கு ஒரு செட் ஆனதும், மூணாவது செட்டுக்குப் பதிலா 10 பாயின்ட் டை-பிரேக் வெச்சுடுங்க.

நிஜமான தலைவலி வேற. ரெண்டு தோல்வி வந்ததும் சிலர் கிரவுண்டு பக்கமே வர மாட்டாங்க. பாயின்ட் பட்டியலே கோணிடும். வாக்-ஓவர் விதியை முதல் வாரமே எழுதி ஒட்டுங்க. கடைசி இடத்துல இருக்கறவருக்கு நீங்களே ஒரு போன் போடுங்க. ஏழாவது வாரமும் அவர் வந்து நின்னா, உங்க லீக் ஜெயிச்சாச்சு!