அவங்க மலையில கூடாதாம்... நம்ம மலையில கூடுமாம்!

ரெண்டு வாரமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இன்டர்னல் பரீட்சை. காஸ்டிங் பேப்பர் உயிரை எடுத்துவிட்டது. இன்றைக்கும் எழுதும் எண்ணம் இல்லைதான். ஆனால் ஒரு கோபம் மனசுக்குள்ளேயே கிடந்து அரிக்கிறது. கொட்டிவிட்டால் தூக்கம் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக் கொள்ளுங்கள்.

பெரியம்மா பையன் பிரான்ஸிலிருந்து வந்திருந்தார். பாண்டிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம், வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி: 1962-ல் பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக் கொண்ட குடும்பங்கள் இங்கே நிறைய. பெரியப்பாவின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், எங்கள் பக்கத்துப் பேச்சில் 'சொல்தா'. அதனால் அவர்கள் பிரான்ஸ், நாங்கள் முத்தியால்பேட்டை. அண்ணன் பத்து வயசு வரைக்கும் இதே தெருவில் கோலி விளையாடியவர். இப்போதும் வந்தால் மணிக்கூண்டுப் பக்கம் ஒரு டீ குடிக்காமல் வீட்டுக்குள் வரமாட்டார்.

இந்த முறை நேராக எங்கள் வீட்டுக்கு வரவில்லை. முதலில் நாலு நண்பர்களோடு மணாலி போய் ஒரு வாரம் 'ஹெலி ஸ்கீயிங்' பண்ணிவிட்டு, அப்புறம்தான் பாண்டி. சாப்பிட்ட கையோடு போனில் வீடியோ போட்டுக் காட்டினார். வீடே வாயைப் பிளந்து பார்த்தது, நானும்தான். பொய் சொல்ல மாட்டேன், அவ்வளவு வெள்ளையை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

பனிச்சறுக்கு எல்லோருக்கும் தெரியும். காலில் நீளமான பலகையைக் கட்டிக்கொண்டு சரிவில் வழுக்கி இறங்குவது. சாதாரணமாக மேலே ஏற லிஃப்ட் இருக்கும், இல்லாவிட்டால் நடந்து ஏற வேண்டும். ஹெலி ஸ்கீயிங்கில் ஹெலிகாப்டரே உங்களை யாரும் கால் வைக்காத உச்சியில் இறக்கிவிடும். வழிகாட்டி முன்னே போக, பின்னாலேயே சறுக்கி வரலாம். கீழே அதே ஹெலிகாப்டர் காத்திருக்கும். திரும்ப மேலே, திரும்பக் கீழே. இப்படி ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை! ஷேர் ஆட்டோ மாதிரி. 1965-ல் கனடாவில் ஹான்ஸ் கமோசர் என்பவர் இதை வியாபாரமாக ஆரம்பித்தார். இந்தியாவில் மணாலி, குல்மார்க் இரண்டும் இதற்குப் பேர் போன இடங்கள். ஒரு வாரத்துக்கு ஆளுக்குப் பல லட்சம். பல இடங்களில், மொத்தம் எத்தனை மீட்டர் சறுக்கி இறங்கினோம் என்று அளந்து பில் போடுவார்களாம். மலையை மீட்டர் கணக்கில் விற்கும் வித்தையை எங்கள் பாடத்தில்கூடச் சொல்லித் தரவில்லை.

நான் விளையாட்டாகத்தான் கேட்டேன். "ஏண்ணா, உங்க ஊர்லயே ஆல்ப்ஸ் இருக்கே. எங்க மலைக்கு எதுக்கு வந்தீங்க?"

அவரும் சாதாரணமாகத்தான் சொன்னார். "அங்க ஹெலிகாப்டர்ல இறக்கி விடக்கூடாதும்மா. சட்டமே இருக்கு."

அவ்வளவுதான். எனக்கு சாதம் இறங்கவில்லை.

அன்று ராத்திரியே தேடிப் படித்தேன். உண்மைதான். 1985 ஜனவரி 9-ல் பிரான்ஸ் 'மலைச் சட்டம்' என்று ஒன்றைக் கொண்டு வந்தது. மலைப்பகுதியில் பொழுதுபோக்குக்காக ஹெலிகாப்டரில் ஆட்களைக் கொண்டுபோய் இறக்குவது, அதற்கென அனுமதித்த இறங்குதளங்கள் தவிர, தடை. நாற்பது வருஷமாக இருக்கும் சட்டம். ஜெர்மனியிலும் தடை. ஸ்விட்சர்லாந்து, குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும்தான் இறங்கலாம் என்று கட்டிப் போட்டிருக்கிறது. அந்த ஆசை உள்ள பிரெஞ்சுக்காரர் எல்லை தாண்டி இத்தாலிக்குப் போவார், காசு இருந்தால் இமயமலைக்கு வருவார்.

2020 பிப்ரவரியில் நடந்ததையும் படித்தேன். பைரனீஸ் மலையில் லூஷோன்-சூப்பர்பான்யேர் என்ற சறுக்கு மையத்தில் கீழ்ச்சரிவில் பனி இல்லை. மேலே இருந்து சுமார் 50 டன் பனியை ஹெலிகாப்டரில் அள்ளி வந்து கொட்டினார்கள். நாடே கொதித்தது. சுற்றுச்சூழல் அமைச்சரே, இது இனி நடக்கக்கூடாது என்று தலையிட்டார். பிரான்ஸில் ஒருமுறை பனியை ஹெலிகாப்டரில் தூக்கினால் அவமானம். நம் இமயத்தில் ஆட்களைத் தினம் ஏழெட்டு முறை தூக்கினால் சாகச சுற்றுலா!

இதுதான் என் கோபம். ஒரு பொருளைத் தன் வீட்டில் வைக்கக்கூடாது என்று முடிவு பண்ணிவிட்டு, பக்கத்து வீட்டுத் திண்ணையில் வைத்து அனுபவிப்பதற்கு என்ன பெயர்? அண்ணன் மேல்கூட அவ்வளவு கோபம் இல்லை. திண்ணையைத் திறந்துவிட்டு "வாங்க வாங்க" என்று பல்லைக் காட்டும் நம் அரசாங்கங்கள் மேல்தான்.

சரி, கணக்கைப் பார்ப்போம். நம்ம ஏரியா அதுதானே :)

கம்பெனியின் செலவுக் கணக்கில் என்ன வரும்? எரிபொருள், பைலட், வழிகாட்டி, ஓட்டல், இன்சூரன்ஸ், உரிமக் கட்டணம். இமயத்தில் அதிகம் பறக்கும் பெல் 407, ஏ.எஸ். 350 பி3 மாதிரி ஒற்றை எஞ்சின் ஹெலிகாப்டர்கள் மணிக்குச் சுமார் 150 லிட்டரோ அதற்கு மேலோ குடிக்கும். லிட்டருக்கு ரெண்டரைக் கிலோ கரியமில வாயு என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 375 கிலோ. நாலைந்து பேர் வழுக்கி விளையாட.

"ஒரு ஹெலிகாப்டரால் இமயமலை உருகிடுமா?" என்று அண்ணன் கேட்டார். உருகாது. ஒத்துக் கொள்கிறேன். ஆனால் 2024 ஜனவரியில் குல்மார்க்கில் பனியே விழாமல் சரிவெல்லாம் மொட்டையாகக் கிடந்ததை நாம் செய்தியில் பார்த்தோம். பனி குறையக் குறைய, இன்னும் உயரத்தில் பனி தேடிப் பறக்கும் வியாபாரம் இது. நோயையும் கொடுத்து, அந்த நோயை வைத்தே காசும் பார்ப்பது.

கணக்கில் வராத செலவு எது? சத்தம். குளிர்காலத்தில் மலை விலங்குகளுக்குத் தீனி கிடையாது. கோடையில் சேர்த்த கொழுப்பை வைத்துத்தான் மார்ச், ஏப்ரல் வரை ஓட்ட வேண்டும். ஹெலிகாப்டர் சத்தத்தில் ஒரு காட்டாடு மிரண்டு ஓடினால், ஓடிய ஒவ்வொரு அடியும் அதன் சேமிப்பிலிருந்து போகிறது. மணாலி இருக்கும் அதே குல்லு மாவட்டத்தில்தான் கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்கா இருக்கிறது. 2014-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. விலங்குக்கு வேலியும் தெரியாது, பூங்கா எல்லையும் தெரியாது.

அடுத்த செலவு உயிர். சறுக்கப் போகிறவர் ஒவ்வொருவரும் சிக்னல் கருவி, மண்வெட்டி, நீளக் கம்பி சுமந்துதான் போகிறார்கள். எதற்கு? பனிச்சரிவில் புதைந்தால் கண்டுபிடித்துத் தோண்டி எடுக்க. பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு. 1991-ல் கனடாவில், இந்த விளையாட்டு பிறந்த புகபூஸ் மலையிலேயே, ஒரே பனிச்சரிவில் 9 பேர் போனார்கள். விரும்பிப் போகிறவர் ஆபத்தை ஏற்பது அவர் இஷ்டம். தேடப் போகிறவர் இஷ்டமா அது? 2023 பிப்ரவரியில் குல்மார்க் பனிச்சரிவில் போலந்துக்காரர் இருவர் இறந்தார்கள். 2024 பிப்ரவரியில் ஒரு ரஷ்யர். இவர்கள் ஹெலிகாப்டரில் போனவர்கள் இல்லை, வகுத்த பாதையை விட்டு விலகிச் சறுக்கியவர்கள். ஆனால் விலகிப் போவதையே பேக்கேஜாக விற்பதுதானே ஹெலி ஸ்கீயிங்? யாராவது புதைந்தால் பனியில் இறங்கித் தேடுவது உள்ளூர்க்காரரும் போலீசும் பட்டாளமும்தான். அது எந்த பில்லில் வருகிறது?

எங்கள் புத்தகத்தில் 'சமூகச் செலவு' என்று அரைப் பக்கம் வரும். ஒருவன் லாபம் பார்க்க, செலவு மட்டும் ஊரார் தலையில் விழுவது. "இது பரீட்சைக்கு வராது" என்று தாண்டிப் போய்விடுவார்கள். முத்தியால்பேட்டைக்காரருக்கு அந்த அரைப் பக்கத்தைப் புத்தகத்தில் படிக்கத் தேவையில்லை, கிழக்கே நடந்தால் போதும். 1989 வாக்கில் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டினார்கள். வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து வரும் மணல் அங்கேயே நின்றுவிட்டது. வடக்கே குருசுகுப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று கரை வரிசையாகக் கரைந்தது. துறைமுகம் கேட்டவர் வேறு, மணல் இழந்தவர் வேறு. வைத்திக்குப்பத்தில் வலை காயப் போட்டிருந்த மணலைப் பற்றி எங்கள் ஆயா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் பிறந்ததிலிருந்து அங்கே பார்த்தது கருங்கல் மட்டும்தான்.

அதனால்தான் "பனியையே பார்க்காத பொண்ணு, உனக்கு மலையைப் பத்தி என்னம்மா தெரியும்?" என்று அண்ணன் கேட்டபோது எனக்குப் பதில் இருந்தது. மலை தெரியாது. ஒருத்தர் வேலையை முடித்துவிட்டுப் போன பிறகு, அங்கேயே இருக்கிறவருக்கு என்ன மிஞ்சும் என்பது தெரியும்.

மலைக்காரர்கள் சும்மா இருந்தார்களா என்றால், இல்லை. கார் கம்பெனி ஹென்றி ஃபோர்டின் கொள்ளுப்பேரன் ஆல்ஃபிரட் ஃபோர்டு, மணாலிப் பக்கம் பெரிய சறுக்கு நகரம் ஒன்றைக் கட்டத் திட்டம் போட்டார். 2006 பிப்ரவரியில் குல்லுப் பள்ளத்தாக்கின் தெய்வங்களையெல்லாம் நக்கரில் கூட்டினார்கள். 'ஜகதி' என்று பெயர். நம்ம ஊர் சாமியாடி மாதிரி அங்கே 'குர்' என்பவர் வாயால் சாமி பேசும். மலையைக் கெடுக்காதே, இந்தத் திட்டம் வேண்டாம் என்பதுதான் வந்த வாக்கு. உங்களுக்கு சாமி நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, ஒரு பள்ளத்தாக்கே கூடி நின்று வேண்டாம் என்று சொன்னது அது. பல வருஷம் இழுத்தும் அந்த நகரம் எழும்பவேயில்லை.

ஹெலிகாப்டரின் சூட்சுமம் இங்கேதான். கட்டடம் என்றால் நிலம் வேண்டும், மரம் வெட்ட அனுமதி வேண்டும், ஊர்க்காரர் நின்று கேள்வி கேட்க ஒரு இடம் இருக்கும். ஹெலிகாப்டர் ஒரு செங்கல்கூட வைப்பதில்லை. வருகிறது, இறக்குகிறது, போகிறது. கண்ணுக்குத் தெரியும் சேதம் இல்லாததால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது.

"அங்கிருக்கிறவங்களுக்கு வேலை கிடைக்குதே" என்பது அடுத்த வாதம். யாருக்கு? அண்ணன் குழுவின் வழிகாட்டி ஐரோப்பாக்காரராம். உள்ளூர்க்காரர் சமைத்தார், மூட்டை தூக்கினார். உள்ளூர்க்காரருக்கு வேலை வேண்டுமென்றால் நடந்து ஏறிச் சறுக்கும் பனிச்சறுக்கு இருக்கிறது. மணாலியிலேயே அதைச் சொல்லித் தரும் அரசு மலையேற்ற நிறுவனம் இருக்கிறது. குல்மார்க்கில் கொண்டோலா என்ற ரோப் கார் 2005-லிருந்து 3,900 மீட்டருக்கு மேலேயே கொண்டுபோய் விடுகிறது. இவற்றில் ஒரே சீசனில் ஆயிரம் பேர் வரலாம், ஆயிரம் பேருக்கும் கம்பளி விற்கலாம், ரூம் விடலாம். நாலு பேர் பறந்தால் டீக்கடைக்காரருக்கு என்ன லாபம்?

நான் ஹெலிகாப்டருக்கே எதிரி இல்லை. 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறக்கும்வரை, ரோதாங் கணவாய் பனியில் மூடினால் லாஹௌல் மக்களுக்கு நோயாளியைக் கொண்டுவரக்கூட அரசு ஹெலிகாப்டர்தான் கதி. அது தேவை. கேதார்நாத்தில் தேவைக்கும் வசதிக்கும் நடுவில் கோடு போடாமல் விட்டதன் பலனைப் பார்த்துவிட்டோம். 2022 அக்டோபர் 18-ல் ஒரு ஹெலிகாப்டர் விழுந்து 7 பேர், அதில் மூன்று பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். 2025 ஜூன் 15-ல் இன்னொன்று விழுந்து 7 பேர், அதில் ஒரு கைக்குழந்தை. சாமி கும்பிடப் போனவர்களுக்கே இந்தக் கதி என்றால், வெறும் விளையாட்டுக்கு எதற்கு இந்த ஆபத்தான வானம்?

ஆகவே நான் கேட்பது புதுசா எதுவும் இல்லை. பிரான்ஸ் 1985-ல் எழுதிய அந்த ஒரு விதி போதும். மீட்புக்கு, மருத்துவத்துக்கு, பனியில் மாட்டிய ஊருக்கு ஹெலிகாப்டர் பறக்கட்டும். பொழுதுபோக்குக்காக உச்சியில் ஆள் இறக்கக்கூடாது. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன தெருப்பெயரையும் போலீஸ் தொப்பியையும் பெருமையாகக் காட்டுகிறோமே, அவன் உருப்படியாகச் செய்த ஒன்றைக் காப்பியடித்தால் என்ன குறைந்துவிடும்?

அண்ணன் போன வாரம் கிளம்பிவிட்டார். ஆட்டோவில் ஏறும்போது, "அடுத்த வருஷம் நீயும் மணாலி வா, டிக்கெட் நான் போடறேன்" என்றார். "வரேண்ணா. ஆனா மேல நடந்துதான் ஏறுவேன், உங்களுக்கு மூச்சு இருக்கா?" என்றேன். சிரித்தார். அப்புறம் ரெண்டு நிமிஷம் எதுவும் பேசவில்லை. ஊர் போய்ச் சேர்ந்து, "நீ சொன்னதை யோசிச்சேன்" என்று ஒரு வரி அனுப்பியிருக்கிறார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. போதும், எனக்கு அது பெரிசு.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? திட்டுவதானாலும் திட்டுங்கள், ஆனால் கணக்கோடு வாருங்கள்.

டிஸ்கி: இந்தப் பதிவை அண்ணனுக்குப் படித்துக் காட்டி, அவர் ஒத்துக்கொண்ட பிறகுதான் போடுகிறேன். "சொல்தா குடும்பம்னு மட்டும் போடு, பேர் போடாத" என்பது ஒரே நிபந்தனை.