மாடர்ன் தியேட்டர்ஸின் முதல் நாயகி

கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம், ஆத்தூர், வாழப்பாடி வழியாகச் சேலம் போகும் பேருந்தில் கல்வராயன் மலை பாதித் தூரம் கூடவே வரும். இறங்கி ஏற்காடு சாலையில் கொஞ்சம் போனால் ஒரு வளைவு நிற்கிறது. மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற சினிமா ஸ்டுடியோவின் மிச்சம் அது. 'மந்திரி குமாரி'க்குக் கருணாநிதி வசனம் எழுதியதையும் எம்.ஜி.ஆர். அதில் நாயகனாக நடித்ததையும் இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சலிக்காமல் சொல்வார்கள். அந்த நிறுவனம் 1937இல் எடுத்த முதல் படமான 'சதி அகல்யா'வின் நாயகி யார் என்று கேட்டுப் பாருங்கள்.

கே.தவமணி தேவி. இலங்கை யாழ்ப்பாணத்து இணுவில்காரர். பாட்டும் நடனமும் கற்றவர்.

தெருக்கூத்தில் திரௌபதிக்கும் ஆண்களே வேடம் கட்டிய தென்னாற்காட்டு ஜனங்களுக்கு, திரையில் ஒரு பெண் அகலிகையாக வந்ததே புதுசு. போதாததற்கு, புதுமுக நாயகி நீச்சலுடையில் எடுத்துக்கொண்ட படங்களும் வெளியாயின. ஊரே வாயைப் பிளந்தது. அந்தப் பரபரப்பால் படத்துக்கு விளம்பரம் கிடைத்தது, நடிகைக்குக் கிடைத்தது 'கவர்ச்சிக்காரி' என்ற பட்டம். அதைக் கடைசிவரை அவர்தான் சுமந்தார்.

சுமந்தார் என்பதும் முழு உண்மையல்ல. அந்தப் பட்டத்தை வைத்து அவர் விளையாடவும் செய்தார். ஹாலிவுட்டின் டோரதி லாமூர் காட்டுப் பெண்ணாகக் கட்டிய சாரோங் உடையை 1941இல் 'வனமோகினி'யில் இவர் உடுத்தினார். அதே படத்தில் சொந்தக் குரலில் பாடினார். 1946இல் 'வித்யாபதி'. மறு வருடம், எம்.ஜி.ஆர். முதன்முதலாக நாயகனான 'ராஜகுமாரி'. அதில் நாயகி வேறொருவர். ஆசைகாட்டி மயக்கும் வேடம் தவமணிக்கு. பத்தே வருடத்தில் அகலிகை மோகினியாகிவிட்டாள். பின்னாளில் ராமேஸ்வரத்தில் குடியேறி, 2001இல் அங்கேயே காலமானார்.

இன்றும் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் உடையைத்தான் முதலில் எழுதுகிறார்கள். குரல் இரண்டாம் பத்தியில் வந்தால் அதிர்ஷ்டம். நாயகர்களின் முதல் படத்துக்கு விழா எடுக்கும் ஊரில், ஒரு ஸ்டுடியோவின் முதல் நாயகி துணுக்குச் செய்தியாகச் சுருங்கியது நியாயமே இல்லை. சிலை வேண்டாம், மணிமண்டபமும் வேண்டாம். அந்த வளைவருகே 'சதி அகல்யா, 1937' என்று ஒரு பலகை வைத்து, ஸ்டுடியோவை நிறுவிய டி.ஆர்.சுந்தரத்தின் பெயருக்கு அடுத்த வரியில் தவமணி தேவி என்று எழுதலாம். சேலத்துச் சினிமாக்காரர்கள் மனம் வைத்தால் ஒரு வாரத்து வேலை.